முதலில் தின்றவர்

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது சுவரை நக்கிக்கொண்டிருந்தார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வரலாற்றுத் துறை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு பழைய கட்டடத்தின் வராந்தாவில் நடந்து போகிறேன். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. பார்த்தால் பேராசிரியர் என்று சொல்லக்கூடிய ஒருவர், காரை பெயர்ந்த இடத்தில் விரலால் சுரண்டி நாக்கில் வைத்துச் சப்புகிறார். பிறகு விரல் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, நேராகச் சுவரிலேயே நாக்கை வைத்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி நடந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்க அம்மணி. புதுசா வந்த மேடமுங்களா? இந்தச் சுவத்துக்குக் கடுக்காய்த் தண்ணி ஊத்தி அரைச்சாங்கன்னு சொல்றாங்க. தொவர்ப்பு இருக்குதான்னு பாத்தேன்.”

“இருக்குதுங்களா சார்?” வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்.

“இல்லீங்க. வெறும் சுண்ணாம்புதான்” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர்தான் எங்கள் துறைத் தலைவர்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்பதால் அல்ல, அவர் வீட்டம்மா கோபித்துக்கொள்வார். துவைக்கப் போடும் முன் அவருடைய சட்டைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது அந்த அம்மாவுக்கு அன்றாட வேலை. புல் விதை, காய்ந்த நெற்று, பாதி கடித்த கிழங்கு, ஏதாவது ஒன்று இருக்கும். ஒருமுறை பார்க்காமல் கொடியில் போட்டுவைத்த ஈரச் சட்டையின் பையில் என்னவோ முளை விட்டிருந்ததாம். “இவரக் கட்டுனதுக்கு ஒரு ஆட்டக் கட்டியிருக்கலாமுங்க. ஆடாச்சும் பாத்துத் திங்கும்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெளியே அவர் பேசுவது சுத்தமான கொங்குத் தமிழ். ஆனால் வாயில் போட்டது பிடித்துவிட்டால் மட்டும் தெலுங்கு தானாக வந்துவிடும். “பாகுந்தி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அவர் எடுத்த பாடம் ஆதிமனிதனில் தொடங்கி முதல் நகரங்களில் முடியும். நான் எடுத்தது வெள்ளைக்காரன் காலம். எனக்கு எதுவும் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியிருந்தால்தான் நம்பிக்கை. அவருக்கோ எழுத்து வந்த பிறகு நடந்ததெல்லாம் வரலாறே இல்லை, வெறும் ஊர் வம்பு. நான் நிலவரியைப் பற்றித் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வகுப்பிலிருந்து அவர் குரல் சுவரைத் தாண்டி வரும். என் வகுப்புப் பிள்ளைகள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

“கத்திரிக்கா ஆதியில எப்பிடி இருந்திருக்கும்? முள்ளும் கசப்புமா, சுண்டக்காயாட்ட. அதைப் பறிச்சு ஒருத்தி வாயில போட்டா பாருங்க, அவளுக்கு எங்கியாச்சும் செலை இருக்குதா? ராசாவுக்கு இருக்குது. ராசா ஏறுன குதிரைக்கும் இருக்குது. நீங்க இன்னைக்கு மத்தியானம் சாம்பார்ல தின்னீங்கல்லோ, அந்தக் காயிக்கு முன்னால வாந்தியெடுத்துச் செத்தவ எத்தனை பேருன்னு யாருக்காச்சும் தெரியுமா கண்ணு?”

எப்போதும் ‘ஒருத்தி’ என்றுதான் சொல்வார். வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடு வருவான், காட்டில் பொறுக்கித் தின்று பிள்ளையைக் காப்பாற்றியவள் பெண்தான், விதை முளைப்பதை முதலில் கவனித்தவளும் அவளாகத்தான் இருப்பாள் என்பது அவர் கட்சி. காட்டுப் புல்லின் தானியம் பழுத்தவுடன் உதிர்ந்துபோகும், உதிராமல் கதிரிலேயே நின்ற சோம்பேறித் தானியம்தான் அவள் கையோடு குடிசைக்கு வந்தது, சிந்தியது, முளைத்தது, அந்தச் சோம்பேறியின் வம்சம்தான் நம் வயலில் நிற்பதெல்லாம் என்று அவர் சொல்லும்போது கடைசி பெஞ்சுக்காரர்கள் பெருமையாகச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஒருநாள் ஆசிரியர் அறையில் அவர் சொன்ன ஒன்று எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை. அன்று என் டிபன் பாக்ஸில் இருந்த வெண்டைக்காய்ப் பொரியலைக் கேட்காமலே எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். துடியலூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கும் காய்களை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்துத்தான் நறுக்குவேன் என்று சொன்னேன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

“காய்க்கு எண்ணெ தேச்சுத் தண்ணி வாக்கறதில்லையா அம்மணி?” என்று கேலி செய்துவிட்டு, “பண்ணையம்னா என்னங்க? இதைத் தின்னாச் சாக மாட்டோம்னு எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணி அதையே திரும்பத் திரும்ப வெதைக்கறதுதான். காட்டுல பொறுக்கித் தின்ன வரைக்கும் ஒவ்வொரு வாய்க்கும் பயம். வெள்ளாமை வந்துச்சு, பயம் போச்சு. அந்தப் பயம் போன நேரத்துலதான் ஊரு கட்டுனான், கோயல் கட்டுனான், பாட்டுக் கட்டுனான். தட்டுல வெச்சதச் சந்தேகப்படாமத் தின்னறான் பாருங்க, அதுதானுங்க நாகரிகம்” என்றார்.

எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். நாகரிகம் என்றால் என்ன என்று இவ்வளவு லேசாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த மனிதரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் தவிர்த்தேன்.

கண்டதை அப்படியே விழுங்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அதிலும் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தெரியாத செடி என்றால் முதலில் எறும்பும் பூச்சியும் அதில் மேய்கின்றனவா என்று பார்ப்பார். இலையைக் கசக்கி முழங்கையின் உள்பக்கம் தேய்த்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். அரிக்கவில்லை என்றால் உதட்டு ஓரம். அதன்பிறகு நாக்கு நுனி, உடனே துப்பல். மறுநாள்தான் ஒரு கடி. ஒரு காட்டுக் கிழங்கோடு அறிமுகமாவதற்கு, பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி விசாரிப்பது போல அத்தனை விசாரிப்பார். அதனால்தான் அத்தனை வருடத்தில் ஒரு வயிற்றுவலிகூட வந்ததில்லை என்று அவருக்குப் பெருமை.

தெரிந்த செடி என்றால் இந்த விசாரணை எதுவும் கிடையாது. கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. முதல்வர் முதற்கொண்டு எல்லோரும் கோட்டும் பட்டுப் புடவையுமாகப் புல்வெளியோரம் அவர்களை அழைத்துக்கொண்டு போகிறோம். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து, புல்லோடு புல்லாக நின்ற கோரையைப் பிடுங்கி, அடியில் இருந்த கிழங்கைப் பேன்ட்டில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைத் துடைத்துக் குழுவின் தலைவரிடம் நீட்டி, “தின்னு பாருங்க சார். நெல்லைக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னால இதுதானுங்க நமக்குச் சோறு” என்றார். முதல்வரின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அன்று எங்களுக்கெல்லாம் வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

எலும்புக் கதை அதைவிட மோசம். கொடுமுடிப் பக்கம் ஒருவர் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது பெரிய பானை ஒன்று அகப்பட்டிருக்கிறது. தங்கம் என்று ஊரே கூடிவிட்டது. தகவல் தெரிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பானைக்குள் மண்ணும் கறுப்பும் சிவப்புமாய் ஓடுகளும் விரல் நீளத்தில் வெளிறிய துண்டுகளும்தான் இருந்தன. “கல்லுங்களா சார்?” என்று வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் ஆள் ஒரு துண்டை எடுத்து ஊதிவிட்டு நாக்கில் வைத்தார். அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கியது.

“கல்லு ஒட்டாதுங்க. எலும்புதான் ஒட்டும். இது மனுச எலும்புங்க” என்றார், துண்டை நாக்கிலிருந்து பிய்த்தெடுத்து.

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஓடினாள். எந்த நூற்றாண்டிலோ செத்துப்போன யாரோ ஒருவருடைய எலும்பு! வீட்டுக்காரர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, “ஏனுங்க சார், தயவுபண்ணி காவேரியில தலை முழுகிப்போட்டு ஊட்டுக்குப் போங்க” என்றார். இவரும் மரியாதையாகப் போய் முழுகினார். முழுகி எழுந்து, இரண்டு கையிலும் அந்தத் தண்ணீரை அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கரையேறினார்.

இப்படிப்பட்ட மனிதரைத் தாராபுரத்துப் பக்கம் அழைத்துப் போகும்போது நான் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா அமராவதி ஆற்றுக்கு இப்பால் தோட்டம் வைத்திருந்தார். உழும்போது பழைய பானை ஓடுகள் கிடைக்கின்றன என்று அந்தப் பெண் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். சுடுவதற்கு முன் களிமண்ணில் அழுந்திய ஒரு தானியத்தின் தடம் அந்த ஓட்டில் அச்சாகப் பதிந்திருந்தது. தானியம் எப்போதோ எரிந்துபோய்விட்டது, அதன் குழி மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அவர் தூங்கவில்லை. இந்த மண்ணில் விதைத்தவர்கள் விட்டுப்போன கைநாட்டு இது என்று போகிற வருகிறவரிடமெல்லாம் காட்டினார். அடுத்த வாரமே வகுப்பைக் கிளப்பிக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டுவிட்டார்.

என் பயத்துக்குக் காரணம் வேறு. அந்தத் தோட்டத்தில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் போடுகிறார்கள். விதையை மருந்துக் கம்பெனிக்காரர்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கம்பியில் ஏறிய கொடியில் நெருப்பு நிறத்தில் பூ. அழகென்றால் அத்தனை அழகு. உள்ளே அத்தனையும் விஷம். வரப்பில் கால் வைத்த உடனே நான் அவருக்கும் கொடிக்கும் நடுவே நின்றுகொண்டேன்.

“சார், இதை மட்டும் வாயில வெச்சுறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அம்மணி, இது வெசம்னு கண்டுபுடிச்சுச் சொல்றதுக்குள்ள எத்தனை பேரு போய்ச் சேந்திருப்பாங்க? அவங்க எழுதுன பரிச்சைய நானெதுக்குங்க மறுபடி எழுதறேன்?” என்று சிரித்தார். கையால்கூடத் தொடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஓடுகள் கிடைத்த இடத்தில் வெயில் ஏறும்வரை குனிந்தபடியே தேடினோம். தானியத் தடத்தோடு இன்னொரு துண்டு அகப்பட்டது. அவர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். அதே உற்சாகத்தோடு, சுற்றிலும் பிள்ளைகள், வாய் ஓயாத பேச்சு, தோட்டத்துச் சாளையை நோக்கி வரப்பில் நடந்து வருகிறோம். சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே அவர்கள் குடியிருக்கும் வீடு. அந்த வீட்டுக்காரர், மாணவியின் அப்பா, எங்களுக்கு டீ போடச் சொல்லப் போயிருந்தார். வரப்பின் ஒரு பக்கம் கண்வலி, மறுபக்கம் வெண்டை. பிஞ்சு வெண்டைக்காயைப் பார்த்தால் ஒடித்துத் தின்னாமல் யார் போவார்கள்? எறும்பு பார்க்கவில்லை, முழங்கையில் தேய்க்கவில்லை. தெரிந்த காய்தானே. ஒடித்தார், கடித்தார், பேசினார், அடுத்ததை ஒடித்தார். ஒரு கை நிறையத் தின்றிருப்பார். “பாகுந்தி” என்றதும் என் காதில் விழுந்தது. எனக்கும் ஒன்று நீட்டினார். கழுவாமல் தின்னமாட்டேன் என்று வாங்கவில்லை.

அப்போதுதான் சாளைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. வீட்டுக்காரர் டீத் தூக்கோடு வந்துகொண்டிருந்தவர் தூக்கைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார்.

“துப்புங்க! சார், துப்புங்க! துப்புங்க!”

பாம்பு என்று நினைத்துப் பெண்கள் அலறினார்கள். இவர் நின்று, கண்வலிக் கொடியைக் காட்டி, “இல்லீங்க, இல்லீங்க. அதைத் தொடவே இல்லீங்க. வெண்டக்காதானுங்க” என்று சிரித்துக்கொண்டே கத்தினார்.

“அதைத்தானுங்க சொல்றேன்! காத்தால மருந்தடிச்சதுங்க சார்! துப்புங்க!”

வெண்டைக்காயை. கண்வலிக்கிழங்கை இல்லை, வெண்டைக்காயை. என் மூளைக்கு அது ஏறவே சற்று நேரம் பிடித்தது. அவர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டார். தின்றதை என்ன செய்வது? போர்வெல் குழாயடியில் உட்காரவைத்து வாயைக் கழுவினார்கள், தொண்டையில் விரலை விடச் சொன்னார்கள். நான் சொம்பு தேடிச் சாளைக்குப் பின்னால் ஓடினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு பாத்தி. கத்திரி, வெண்டை, நாலு தக்காளி. காயெல்லாம் சொத்தையும் ஓட்டையுமாக இருந்தது. மாணவியின் அம்மா அழுதுகொண்டே என் கையில் சொம்பைக் கொடுத்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த ஊட்டுப் பாத்தியில பறிச்சுக் குடுத்திருப்பனுங்களே மேடம்! இதுக்கு நாங்க மருந்தே அடிக்கறதில்லீங்களே! அதை நாங்களே திங்க மாட்டமுங்களே!”

அந்த அம்மாவுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை. எனக்கும் அந்த நிமிடம் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவருக்கு வேர்வை ஆறாக ஓடியது. வாயோரம் எச்சில் வழிந்தது. “அம்மணி, உங்க மொகம் மங்கலாத் தெரியுதுங்க” என்றார். அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத பயம் இருந்தது. தாராபுரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். வழி நெடுக அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழி நெடுக அந்த அம்மா சொன்னதுதான் காதில் ஓடியது. அதை நாங்களே திங்க மாட்டமுங்களே. அப்படியானால் யார் தின்கிறார்கள்? என் மகளுடைய டிபன் பாக்ஸ் கண் முன்னால் வந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர்கள் சொன்ன அன்று மாணவியின் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். உங்களுக்கு மட்டும் நல்ல பாத்தி, ஊருக்கு விஷப் பாத்தியா, நீங்களெல்லாம் மனிதர்களா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபிறகு, அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“நீங்க சொல்றது நெசந்தானுங்க மேடம். ஆனா ஒரு காயில ஒரு ஓட்டை இருந்தா மண்டியில கூடையோட அக்கட்டால தள்ளிப்போடறாங்க. யாருங்க வாங்கறாங்க? நீங்களே கடையில நுனிய ஒடிச்சுப் பாத்து, பூச்சி இல்லாததாத்தானுங்க பொறுக்குவீங்க. எல்லாத் தோட்டத்துலயும் ஊட்டுக்குன்னு ஒரு பாத்தி உண்டுங்க. இது ஊருக்கே தெரியுமுங்க. சாருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியலீங்க.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. கடையில் நான் அப்படித்தான் பொறுக்குவேன்.

உயிர் பிழைத்தாரே தவிர, சார் சாப்பிடவில்லை. இதுதான் யாரும் எதிர்பார்க்காதது. ஊசியும் குழாயும் எடுத்தாகிவிட்டது, வாய்வழியாகச் சாப்பிட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இட்லியைக் கொண்டுவந்து வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். உதட்டுக்கிட்டே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். தண்ணீரும் கொஞ்சம் பாலும்தான் இறங்கியது. பாலையும் ஒருநாள் வேண்டாம் என்றார், மாடு என்ன தின்றதோ என்று. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, ஆள் பாதியாகிவிட்டார். அவர் வீட்டம்மா என்னைப் பார்த்ததும் தேம்பினார்.

“கல்லு மண்ணு எலும்பு வரைக்கும் தின்ன மனுசனுங்க. இப்ப சோத்தப் பாத்துப் பயந்துக்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு, எப்பிடியாச்சும் ஒரு வாய் திங்க வெச்சுருங்க.”

மறுநாள் ரசம் சாதம் பிசைந்து கொண்டுபோனேன். நல்லாக் குழைத்து, நெய் விட்டு. அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“அரிசி எங்கீங்க வாங்குனீங்க?”

“கடையில சார்.”

“கடைக்கு எங்கிருந்துங்க வந்துது?”

எனக்குத் தெரியவில்லை. பருப்பு, புளி, தக்காளி, எதற்கும் தெரியவில்லை. முப்பது வயதைத் தாண்டிய, ஒரு பிள்ளைக்குச் சோறு போடுகிற பெண் நான். அவர் கோபிக்கவில்லை. “சோதிக்கறதுக்கு வழியே இல்லீங்க அம்மணி. செடிய மோந்தா செடி சொல்லும். இது என்னத்தைங்க சொல்லும்?” என்று மெல்லிய குரலில் சொல்லி மூடியைத் திரும்பப் போட்டார். காட்டில் ஒவ்வொரு இலையையும் சந்தேகப்பட்டவர் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையின் மேல்தான் அவருடைய பாடம் முழுவதும் நின்றது. அது விழுந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மதியம்தான் மாணவியின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். சாரின் வீட்டம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அறையில் நானும் அவரும்தான். அப்பா நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றார். அம்மா கையில் ஒரு துணிக்கடைப் பை.

“சாரு எதையும் திங்கறதில்லைன்னு புள்ள சொன்னாளுங்க. மனசு கேக்கலீங்க” என்று பையைக் கட்டில் ஓரம் வைத்துப் பிரித்தார் அம்மா. வெண்டைக்காய். “ஊட்டுப் பாத்திதுங்க சார். ஒரு சொட்டு மருந்து படலீங்க. எங்க புள்ளைக்குக் குடுக்கறதுங்க. இதத் தின்னுங்க.”

உலகத்தில் சார் நம்பக்கூடிய காய் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். எங்கே விளைந்தது என்று தெரியும், யார் விளைவித்தது என்று தெரியும், விளைவித்தவரே எதிரில் நிற்கிறார். சாரும் எழுந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. நடுவில் ஒடித்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனார்.

அங்கே கை நின்றுவிட்டது. மற்ற பாதியை மாணவியின் அப்பாவிடம் நீட்டினார்.

“நீங்க முதல்ல தின்னுங்க.”

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. மாணவியின் அப்பாவோ அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. “அதுக்கென்னங்க சார்” என்று வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோனார். போகிற வழியில் அவர் கண் அந்தக் காயின் மேல் விழுந்தது. விரலால் உருட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பளபளவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.

மனைவி பக்கம் திரும்பினார். “ஏம்புள்ள, நீதான பறிச்சே?”

“நான் மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு இருந்தனுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீங்கதான சத்தம் போட்டீங்க? வேலைக்கு வந்த பொம்பளைகிட்ட நாலு காய் பறிச்சுப் பையில போடுன்னு...”

“எந்தப் பாத்தியிலன்னு சொன்னியா?”

அந்த அம்மா பையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு கையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா அந்தப் பாதிக் காயை ஸ்டூலின் மேல் மெதுவாக வைத்தார். சார் தன் பாதியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஸ்டூலில் இருந்ததையும் உள்ளே போட்டுப் பையை எடுத்துக்கொண்டு நான்தான் வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே குப்பைத் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் தலையை விட்டு ஒரு மாடு எதையோ மென்றுகொண்டிருந்தது. பையின் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என் பக்கமாக இரண்டடி வந்தது. நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.